சத்தம் கூடுதலான போட்

1. கோரிக்கை

எங்கள் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எப்போதும் இந்த மூன்றுதான். யானை வருமா? முதலை உண்டா? பாத்ரூம் எங்கே? யானை வருமா என்று கேட்டால் “நேற்று வந்தது” என்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வரும் என்று சொன்னால் திரும்பி வந்து சண்டை போடுவார்கள். வராது என்றால் டிக்கெட் எடுக்காமல் போய்விடுவார்கள். நேற்று என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அந்த வேலையில் நான் இருந்த காலம் முழுவதும், “உங்ககிட்ட உள்ளதுல சத்தம் கூடுதலான போட் எது?” என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஜெட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்திருப்பது பேட்டரி போட். சத்தமே கிடையாது. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லப் போவது புரிய வேண்டுமானால் டீசல் எஞ்சின் என்று ஒன்று இருந்தது என்பதை அவர்கள் நம்ப வேண்டும்.

இடத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஆபீசில் யாராவது விளக்கம் கேட்பார்கள். தம்பானூரில் பஸ் ஏறி, விதுரா சந்தையில் வேறு பஸ் மாறி, காட்டுக்குள் போனால் ஒரு நீர்த்தேக்கம். சுற்றிலும் மலை. கிழக்கே பார்த்தால் அகத்தியமலையின் தலை தெரியும், மேகம் இல்லாவிட்டால். பெரும்பாலும் மேகம் இருக்கும்.

அவர் பெயர் சண்முகம் என்று வைத்துக்கொள்வோம். பழவங்காடி கோயில் பக்கத்தில் பூஜை சாமான் கடை வைத்திருந்தார். கூட்டம் இல்லாத ஒரு வேலை நாளில் தனியாக வந்தார். டிக்கெட் எடுக்கவில்லை. கரையில் நின்று, ஒவ்வொரு போட்டும் ஸ்டார்ட் ஆகும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டுக் கச்சேரி கேட்கிறவர் மாதிரி தலையைக்கூட லேசாக ஆட்டினார். கடைசியில் என் போட்டுக்கு வந்தார்.

“இதுதான். இது வேணும். ஞாயித்துக்கிழம காலையில, ஸ்பெஷல். அஞ்சு பேர்.”

“இதைவிட நல்ல போட் இருக்கே அண்ணாச்சி. இதுல பக்கத்துல இருக்க ஆள் பேசுறதுகூடக் கேக்காது.”

“அது மதி” என்றார் அவர், போதும் என்பதற்கு மலையாளத்தில். “அது மதி.”

பிறகு என்னைத் தள்ளி அழைத்துப் போய் ரகசியம் சொன்னார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை வீடு நாகர்கோவில்.

“வீட்டுல வச்சா பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் தொறந்துரும், கேட்டோ. வந்தவங்க போன பெறவு என்னாச்சு என்னாச்சுன்னு ஒரு மாசம் விசாரிப்பாங்க. இதுன்னா டூர். ஆரும் ஒண்ணும் கேக்காது.”

“அது சரி. சத்தம் எதுக்கு?”

“ஒரு இதுக்குத்தான்” என்றார்.

அவர் போட்டில் ஏறிப் பார்க்கவில்லை. கரையில் நின்று கேட்டதோடு சரி. பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

2. இடது காது

எங்கள் போட்டில் டிரைவர் சீட் முன்னால் வலது பக்கம். டிரைவருக்கு இடது பக்கத்தில், முழங்கை இடிக்கிற தூரத்தில், எஞ்சின் பெட்டி. ஆகவே எங்கள் ஜெட்டியில் கொஞ்ச காலம் வேலை பார்த்த எல்லோருக்கும் இடது காது மந்தம். ஆபீசுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். காதில் மாட்டிக்கொள்ள ஒன்று கொடுத்தார்கள். அதை மாட்டினால் பின்னால் யாராவது தண்ணீரில் விழுந்தாலும் கேட்காது என்பதால் நாங்கள் மாட்டவில்லை.

இதனால் ஒரு பழக்கம் வந்துவிடும். யாராவது பேசினால் முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வலது காதை முன்னால் கொடுப்போம். கண் பேசுகிறவர் வாயைப் பார்க்கும். அப்படியும் கேட்காவிட்டால் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிடுவோம். இரண்டு தடவை “என்ன? என்ன?” என்று கேட்கலாம். மூன்றாவது தடவை கேட்டால் மரியாதை போய்விடும். தலையாட்டினால் பத்தில் எட்டு தடவை தப்பித்துக்கொள்ளலாம். மீதி இரண்டில் யாருக்காவது ஜாமீன் நிற்க ஒப்புக்கொண்டிருப்போம்.

இன்னொரு லாபமும் உண்டு. கூட்டத்தில் எங்களைப் போல் இன்னொருவர் இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் சொல்ல மாட்டோம். ஜெட்டியில் யாரும் யாருடைய காதைப் பற்றியும் பேசுவதில்லை.

3. மலையைப் பார்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னை ஏற்றிக்கொண்டு போன டிரைவர் வாசு. மலையாளி. எஞ்சினைப் பற்றி, ஆழத்தைப் பற்றி, தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய மரங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது ஒன்றே ஒன்று.

ஏரியின் வடக்கு மூலையில் மலைக்குள் புகுந்த மாதிரி ஒரு வளைவு உண்டு. ஆனைக்கடவு என்று பெயர். மிருகங்கள் தண்ணீர் குடிக்க வருகிற இடம். தண்ணீருக்குள் நிற்கும் ஒரு பட்ட மரத்தைத் தாண்டியதும் எஞ்சினை ஆஃப் செய்ய வேண்டும். சத்தமில்லாமல் போட் மிதந்து போய் நடுவில் நிற்கும். இது சட்டம். யானை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஃப்.

“தங்கராஜே, ஒரு காரியம்” என்றார் வாசு. “எஞ்சின் ஓடும்போ எல்லாரும் அலறிட்டுத்தான் பேசும். நீ ஆஃப் பண்ணும்போ ஆராவது பாதி அலறல்ல இருப்பான். அது மலையில தட்டித் திரும்பி வரும். அப்ப நீ ஆளோட முகத்தப் பாக்கக் கூடாது. மலையப் பாரு.”

அவர் சொன்னது சரியாக இருந்தது. ஒரு பேங்க் ஸ்டாஃப் டூரில், “மேனேஜரா அவன், மண்ணாங்கட்டி” என்று ஒரு பெண் குரல் அந்த வளைவு முழுக்கக் கேட்டது. மேனேஜர் முன் சீட்டில் இருந்தார். நான் மலையைப் பார்த்தேன். ஒரு சபையிலிருந்து வந்த கூட்டத்தில், “ஜெபம் எப்ப முடியும், பசி கொல்லுகு” என்று ஒருவர் கத்தினார். போதகர் உட்பட எல்லோரும் கேட்டார்கள். ஒரு புதுப்பெண் தங்கையிடம், “இவங்க அம்மா போட்ட வளையல் கவரிங்டி” என்றாள். மாமியார் அப்போதுதான் அந்த வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மலையைப் பார்த்தேன். என் அளவுக்கு அந்த மலையைப் பார்த்தவர்கள் குறைவு.

4. ஞாயிற்றுக்கிழமை

சொன்ன நாளில் சண்முகம் குடும்பம் ஒரு வேனில் வந்தது. பழவங்காடியில் தேங்காய் உடைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவர், மகள் சுகன்யா, மைத்துனர் ராமையா. சுகன்யாவுக்கு அம்மா இல்லை. அதனால் தாய்மாமன் வந்திருந்தார். ராமையா நல்ல கனத்த ஆள். அவர் ஜெட்டிப் பலகையில் கால் வைத்தபோது பலகை ஒரு சொல் சொன்னது. மாப்பிள்ளை செந்திலும் அவருடைய அம்மாவும் தனிக் காரில் வந்தார்கள். தற்செயலாகச் சந்தித்த மாதிரி இரண்டு கூட்டமும் டிக்கெட் கவுண்டர் முன்னால் ஆச்சரியப்பட்டன. கவுண்டரில் இருந்தவர் உட்பட யாரும் நம்பவில்லை.

பெண் பார்க்கிற சம்பிரதாயத்துக்குக் கேசரியும் பஜ்ஜியும் தூக்குவாளியில் வந்திருந்தன. போட்டில் தின்பண்டம் கூடாது என்று நான் சொன்னதால் கரையில் வைத்துப் பரிமாறினார்கள். கேசரியை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லோரும் கத்தினார்கள். குரங்கு வந்தது சுகன்யாவின் இடது பக்கமாக. அவள் மட்டும் திரும்பவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் திரும்பினாள், அதுவும் தவறான பக்கம்.

நான் கவனிக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஏதோ கேட்டார். சுகன்யா முகத்தை இடது பக்கம் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். கண் வாயைப் பார்த்தது. சிரித்தாள். தலையாட்டினாள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் ஜெட்டியில் வேலை பார்க்காமலே அந்தப் பெண்ணுக்கு எங்கள் காது. சண்முகம் கரையில் கண்ணை மூடிக்கொண்டு தேடியது எதை என்பதும் விளங்கியது. எல்லோருக்கும் காது கேட்காத ஒரு இடத்தை அவர் தேடியிருக்கிறார். அங்கே அவர் மகளும் ஒருத்தி, அவ்வளவுதான். மோசமான யோசனை என்று சொல்ல மாட்டேன். உழைத்து யோசித்திருக்கிறார்.

பட்டுப்புடவைக்கும் நெக்லசுக்கும் மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டோம். மாப்பிள்ளையின் அம்மா நெக்லசைப் பார்க்க இரண்டு தடவை குனிந்தார். ஒன்றும் தெரியவில்லை.

இனி உட்கார வைக்கும் முறை. சின்ன போட். நடுவில் வழி, ஒவ்வொரு வரிசையிலும் இடது பக்கம் ஒரு சீட், வலது பக்கம் ஒரு சீட். வலது பக்கத்தில் நானும் டீசல் டேங்கும் இருப்பதால் ஒவ்வொரு வரிசையிலும் கனமான ஆள் இடது பக்கம், லேசான ஆள் வலது பக்கம். முன்னால், எஞ்சின் பெட்டிக்கு அந்தப் பக்கம், கயிறும் மிதவையும் வைக்க ஒரு சீட் உண்டு. அதில் யாரும் உட்காருவதில்லை.

சண்முகம் மகளை முதல் வரிசையில் இடது சீட்டில் உட்கார வைத்தார். மாப்பிள்ளை வலது சீட்டில் உட்கார்ந்தால் நல்ல காது அவர் பக்கம் வரும். எல்லாம் யோசித்துத்தான் செய்தார்.

“அந்தப் பிள்ளை வலது பக்கம் மாறணும்” என்றேன். “மாப்பிள்ளை கனம். அவர் இடது.”

“அவ இங்க இருக்கட்டு சேட்டா.”

“போட் சரியும்.”

“லேசா சரிஞ்சா என்னா?”

“லேசா சரியறதுக்கும் கவிழறதுக்கும் நடுவுல வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி.”

தெரிந்துதான் செய்தேன். கல்யாணம் நின்றால் இன்னொரு கல்யாணம் பார்க்கலாம். போட் கவிழ்ந்தால் அப்படி இல்லை. சுகன்யா வலது சீட்டுக்குப் போனாள். செந்தில் இடது சீட்டில் உட்கார்ந்தார். அதாவது அவளுடைய கேட்காத காதுப் பக்கம். இரண்டாவது வரிசையில் ராமையா இடது, சண்முகம் வலது. மூன்றாவது வரிசையில் இடது பக்கம் மாப்பிள்ளையின் அம்மா. கடைசியில் என் உதவியாள் ஷாஜி. போட் நகர்ந்த பிறகு யாரும் எழுந்திருக்கக் கூடாது, இடம் மாறக் கூடாது என்று வழக்கம்போல் சொன்னேன். அந்த விதியை அதுவரை நான் எவருக்காகவும் தளர்த்தியதில்லை. ஒரு மந்திரியின் சம்பந்தி கேட்டும் தளர்த்தவில்லை.

5. ஆனைக்கடவு

எஞ்சின் நன்றாகவே சத்தம் போட்டது. முன்னால் ஒரு கண்ணாடி உண்டு, பின்னால் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பார்க்க. அதில் தெரிந்தது. செந்தில் ஏதோ சொன்னார். சுகன்யா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொன்னார். அவள் திரும்பிச் சிரித்தாள். மூன்றாவது தடவை அவர் கொஞ்சம் குனிந்து, முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு, நீளமாக ஒன்று கேட்டார். அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. சரி என்கிற மாதிரி அவரும் தலையை ஆட்டிவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு பேசவில்லை. அவள் ஏன் என்று புரியாமல் அவரையே இரண்டு மூன்று தடவை பார்த்தாள். அவள் எதற்கோ ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. எதற்கு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எத்தனை தலையாட்டல் நான் ஆட்டியிருக்கிறேன்.

பட்ட மரம் வந்தது. தாண்டினோம். ஆஃப் செய்தேன்.

“…எடது காது சுத்தமா கேக்காதுங்கது தாலி கெட்டுன பெறவு தெரிஞ்சா மதி!”

சண்முகத்தின் குரல். பக்கத்து சீட்டில் ராமையா கேட்ட எதற்கோ பதில். அந்த வாக்கியம் தண்ணீர் மேல் போய் மலையில் தட்டி, கடைசி வார்த்தை மட்டும் திரும்பி வந்தது. “மதி” என்றது மலை.

நான் மலையைப் பார்த்தேன். மலையடிவாரத்தில் கருப்பாக ஏதோ அசைந்தது.

“சேட்டா” என்று பின்னாலிருந்து ஷாஜி ரகசியமாகச் சொன்னான். “ஆன.”

மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு ஒரு பிடி யானை வந்தது, பின்னால் குட்டி, அதற்கும் பின்னால் இன்னும் இரண்டு. வெயிலில் ஈரக் கரையில் வந்து நின்று தண்ணீரில் தும்பிக்கையை விட்டன. இந்தக் காட்சிக்காக எத்தனையோ பேர் பல தடவை வந்து ஏமாந்து போயிருக்கிறார்கள். அன்று போட்டில் இருந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இங்கே ஒரு சிக்கல். குட்டியோடு யானை கரையில் நின்றால், அது போகிறவரைக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. இதுவும் சட்டம். ஆகவே எங்களுக்குப் போக வழியில்லை. யானைக்கு அவசரம் இல்லை.

6. மூன்று பேர் எழுந்தது

முதலில் பேசியது சுகன்யாதான். திரும்பிப் பார்க்காமல், முன்னால் பார்த்தபடியே.

“அப்பா. இவங்ககிட்ட சொல்லியாச்சுன்னுதானே சொன்னீங்க?”

சண்முகம் லைஃப் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அவள் உடம்பைத் திருப்பி, பின் வரிசையில் இருந்த செந்திலின் அம்மாவைப் பார்த்தாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

“உங்களுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் வர்றீங்கன்னு அப்பா சொன்னாங்க. அதனாலதான் நான் வந்தேன். இல்லேன்னா வந்திருக்க மாட்டேன். சின்னதுல காய்ச்சல் வந்து போன காது. நான் லேப்ல வேலை பாக்கறேன், அங்க எல்லாருக்கும் தெரியும். மறைக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல.”

யானைகளில் ஒன்று காதை விரித்து எங்களைப் பார்த்தது. நான் கையைக் காட்டி மெதுவாக என்றேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

செந்திலின் அம்மா சண்முகத்தைப் பார்த்து, “காதுக்குக் குறை இருக்கலாம், அதுல நமக்கு ஒண்ணுமில்ல. பேச்சுக்குக் குறை இருக்கப்பிடாதுல்லா அண்ணாச்சி” என்றார். அப்புறம் சுகன்யாவிடம், “அப்போ இவன் இவ்வளவு நேரம் தொண்டையைக் கிழிச்சது ஒண்ணும் உனக்குக் கேக்கல்லியா மக்களே?”

“ஒரு வார்த்தைகூட இல்லம்மா.”

செந்தில் சட்டென்று நிமிர்ந்தார். “நான் கேட்டதுக்குத் தலையாட்டினீங்களே? அதோட நான் முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லதுக்குக்கூட வார்த்தை யோசிச்சாச்சு.”

அவள் வெளிறிப்போனாள். “என்ன கேட்டீங்க?”

அவர் பின்னால் இருந்த மூவரையும் பார்த்தார். “இங்க வச்சு எப்பிடிச் சொல்ல?”

“இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க” என்றாள் வலது காதைத் தொட்டு.

அவளுக்கு வலது பக்கம் தண்ணீர்தான் இருந்தது. அவர் அவளுக்கு வலது பக்கம் வர வேண்டுமானால் அவள் இடது சீட்டுக்குப் போக வேண்டும், அவர் வலது சீட்டுக்கு வர வேண்டும். கனம் முழுக்க என் பக்கம் வந்துவிடும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். “அண்ணாச்சி, மாறிக்கிடட்டா?” என்று செந்தில் கேட்டார்.

அவர் கேட்டது எனக்குக் கேட்டது என்பதையும், விதி என்னவென்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

“மாறலாம்” என்றேன். “ஆனா ஒரு ஆள் வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கம் வரணும். மொதல்ல அது. அப்புறம் நீங்க.”

வலது பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? சண்முகம் மட்டும்தான். அவர் ராமையாவைப் பார்த்தார். ராமையா தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

“வாங்க அண்ணாச்சி. இங்க முன்னால, என் பக்கத்துல. குனிஞ்சு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு.”

சண்முகம் எழுந்தார். மகளைத் தாண்டும்போது அவர் நிற்கப் பார்த்தார். நிற்க வேண்டாம் என்று நான் சைகை செய்தேன், போட்டுக்காக. அவர் வந்து, கயிற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சின் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். போட் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு சுகன்யா பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இடது சீட்டுக்குப் போனாள், செந்தில் குனிந்து வலது சீட்டுக்கு வந்தார். போட் நிமிர்ந்து நேராக நின்றது. நீர்மட்டக் கோட்டைப் பார்த்தேன், சரியாக இருந்தது. குட்டி யானை வாயில் தண்ணீரை விட்டுக்கொள்ளத் தெரியாமல் தலைமேல் ஊற்றிக்கொண்டிருந்தது.

பின்னால் மெதுவான பேச்சு. நான் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு மலையைப் பார்த்தேன். அன்று மேகம் இல்லை.

சண்முகமும் அதே மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. என் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் இருந்தது என் இடது பக்கம். எஞ்சின் ஓடவில்லை என்றாலும் அந்தக் காது அவ்வளவு தாழ்ந்த குரலுக்கு வேலை செய்யாது. அழுகிற மனிதரிடம் “என்ன?” என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான் தலையாட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். மறுபடி ஏதோ கேட்டார். மறுபடி தலையாட்டினேன். கொஞ்சம் அழுத்தமாகவே. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டார்.

யானைகள் போன பிறகு ஸ்டார்ட் செய்தேன். ஜெட்டியில் எல்லோரும் இறங்கினார்கள். சுகன்யா அப்பாவின் கையைப் பிடிக்காமல் தானாகவே இறங்கினாள். சண்முகம் அவளைச் சுற்றிப் போய், அவளுடைய வலது பக்கத்தில் நின்று, நிறைய நேரம் பேசினார். அவள் தலையாட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் தோளில் ஒட்டியிருந்த கயிற்றுத் தும்பை எடுத்துப் போட்டாள். வந்த மாதிரியே இரண்டு வண்டிகளில் போனார்கள். என்ன முடிவாயிற்று என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, டிரைவரிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அவர் என்ன கேட்டார், நான் எதற்குத் தலையாட்டினேன் என்று அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

7. எந்தக் காது

மழைக்காலம் முடிந்து போட் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அவர்கள் வந்தார்கள். இரண்டு பேர் மட்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் இடது சீட்டிலும் அவர் வலது சீட்டிலும் உட்கார்ந்துவிட்டார்கள். கனக் கணக்குக்கு ஷாஜியை இடது பக்கம் மாற்றினேன். கழுத்தில் புதுத் தாலிச்சரடு லைஃப் ஜாக்கெட்டுக்கு வெளியே தெரிகிற மாதிரி இழுத்துப் போட்டிருந்தாள். வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

ஆனைக்கடவில் எஞ்சினை ஆஃப் செய்தேன். யானை இல்லை. “நேத்து வந்துச்சு” என்றேன், பழக்கத்தில்.

திரும்பி வந்து இறங்கும்போது செந்தில் முன்னால் போய்விட்டார். சுகன்யா நின்றாள். என்னைச் சுற்றி வந்து என் வலது பக்கத்தில் நின்றாள்.

“உங்களுக்கும் எடதுதானே அண்ணாச்சி? அன்னைக்குக் கரையில நின்னப்பவே தெரியும்.”

“உனக்கும் அப்படித்தான்னு எனக்கும் அப்பவே தெரிஞ்சது” என்றேன்.

“அவர் அன்னைக்கு என்ன கேட்டார் தெரியுமா? ‘உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா சொல்லுங்க, எனக்குத்தான் பிடிக்கலைன்னு வீட்டுல சொல்லிப் பழியை நான் ஏத்துக்கிடுதேன்’னு. அதுக்கு நான் சிரிச்சுத் தலையாட்டியிருக்கேன்.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. “எஞ்சின் நிக்காம இருந்திருந்தா அப்படியே போயிருக்கும்.”

“நல்ல பையன்” என்றேன்.

“அப்பா உங்களை ரொம்பச் சொல்வாங்க. அன்னைக்கு உங்ககிட்டதான் கேட்டாங்களாம், ‘நான் செஞ்சது தப்புதானே’ன்னு. நீங்க ஆமான்னு தலையாட்டினீங்களாம். ‘இறங்கினதும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கட்டா’ன்னு கேட்டாங்களாம். அதுக்கும் ஆமான்னீங்களாம். அப்பா இதுவரைக்கும் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல. சொந்தக்காரங்க எல்லாம் சமாதானம் சொல்லத்தான் பாப்பாங்க, அந்த டிரைவர் ஒருத்தர்தான் முகத்துக்கு நேரா உண்மையைச் சொன்னார்னு இப்பவும் சொல்றாங்க.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“அப்பா இருந்தது உங்க கேக்காத பக்கம்னு நான் அவங்ககிட்ட சொல்லல” என்றாள். “நீங்களும் சொல்லாதீங்க.”

நான் தலையாட்டினேன். அந்தத் தடவை கேட்டுத்தான் ஆட்டினேன்.

பாடம் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்காத பேச்சுக்கு அவள் தலையாட்டியதில் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது. கேட்காத பேச்சுக்கு நான் தலையாட்டியதில் ஒரு அப்பா தன் மகளிடம் மன்னிப்புக் கேட்டார். ஆகவே தலையாட்டுவது பற்றி என்னிடம் விதி ஒன்றும் இல்லை. ஆள் ஏற்றுவது பற்றி உண்டு. கனத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எந்தக் காது என்று கேளுங்கள். பிறகு மற்றவர்களை அதற்குத் தகுந்தபடி மாற்றி உட்கார வைக்கலாம். போட் சரியாமல் இருக்கும், நான் செய்து பார்த்திருக்கிறேன்.